ஏழுமலை மற்றும் பிறர்

1

வானியல் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் ஊரில் எனக்கு இரண்டு விதமான மரியாதை கிடைக்கும். சிலர் உடனே உள்ளங்கையை நீட்டுவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் கையை நீட்ட மாட்டார்கள். ஆனால் இரவெல்லாம் மொட்டை மாடியில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற பிழைப்பு என்று என்மேல் பரிதாபப்படுவார்கள். திண்டிவனத்தில் இருக்கும் என் மாமனார் இந்த இரண்டாவது கட்சி. "மாப்பிள்ளைக்கு நைட் டூட்டி" என்று தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறார். பகலில் போன் செய்தால், "இன்னா மாப்ள, தூங்கலையா?" என்று பதறுகிறார்.

உண்மையில் நான் காலையில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் பல்கலைக்கழகத்துக்குப் போய், சாயங்காலம் அதே மழையில் திரும்பி வருகிறவன். தொலைநோக்கி இருப்பது சிலி நாட்டில், ஒரு பாலைவன மலைமேல். அது பார்த்ததை எண்களாக மாற்றி அனுப்பும். அந்த எண்களைத்தான் நான் நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கிறேன். நான் குடியிருக்கும் நெதர்லாந்தில் வானம் என்று ஒன்று இருப்பதாகவே சொல்ல முடியாது; ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்த மாதிரி இருக்கும். பிழைப்புக்கு நட்சத்திரத்தையும் குடியிருக்க இந்த ஊரையும் தேர்ந்தெடுத்தவனுடைய புத்திசாலித்தனத்தைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம்.

அதிலும் நான் ஆராய்வது நட்சத்திரத்தைக்கூட அல்ல. தூசியை. நட்சத்திரம் என்று ஒன்று உருவாவதற்கு முன்னால் அந்த இடத்தில் பெரிய தூசி மேகம் ஒன்று குளிரில் சும்மா கிடக்கும். அது எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எப்போது இறுகத் தொடங்கும் என்று கணக்குப் போடுவது என் வேலை. அப்பாவிடம் இதை முதன்முதலில் விளக்கியது நினைவிருக்கிறது. அவர் விழுப்புரம் கமிட்டியில், அதாவது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஏலம் போகிற மார்க்கெட்டில், மூட்டை தூக்கினவர்.

"தூசிய பாக்கவா அவ்ளோ தூரம் போன?" என்றார். "கமிட்டில ஒரு மூட்டைய பிரிச்சி உதறினா வராத தூசியா? சொல்லியிருந்தா நானே எடுத்தாந்து குடுத்திருப்பேனே."

இங்கேயும் இதை யாருக்கும் புரியவைத்துவிடவில்லை. டச்சு மொழியில் தூசிக்கும் துணிக்கும் ஒரே சொல்: ஸ்டோஃப். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாவிடம், அன்று காலையில் கற்ற இலக்கணத்தை வைத்துக்கொண்டு, "நான் ஸ்டோஃபில் வேலை செய்கிறேன், மிகத் தொலைவிலிருந்து வருகிறது" என்று பெருமையாகச் சொன்னேன். அடுத்த வாரம் அவர் தன் வீட்டு ஜன்னல்களின் அளவை எழுதி எடுத்துக்கொண்டு வந்து, திரைச்சீலைக்கு ஆகுமா, சாயம் போகுமா என்று கேட்டார்.

நாங்கள் இங்கே வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருடம் ஆகிறது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். நான், என் மனைவி செல்வி, இங்கேயே பிறந்த எங்கள் மகள் நிலா. வானியல்காரன் மகளுக்கு நிலா என்று பெயர் வைத்தது அவ்வளவு பெரிய கற்பனை அல்ல என்று எனக்கும் தெரியும். நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மூவரும் நேரில் வரவும், குடும்பப் பெயர் பற்றிப் பேச வேண்டும், விரும்பினால் இப்போது மாற்றிக்கொள்ளலாம்.

பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறவனிடம் பேச இவர்களுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அது ஒன்றுதான் பேச்சு.

2

என் பெயர் குமார். பள்ளிக்கூடத்தில் ஏ. குமார், ஆங்கிலத்தில் ஈ. குமார். அந்த ஒற்றை எழுத்துக்குள் என் அப்பா ஏழுமலை நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட் எடுக்கிற வரை அவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"சர்நேம் இன்னா?"

"அப்டின்னா?"

"குடும்பப் பேருபா."

"எங்க குடும்பத்துல ஆளுக்கு ஒரு பேரு இருக்குதுங்க."

"இன்ஷியல் இருக்குதா?"

"ஈ. அப்பா பேரு, ஏழுமலை."

"அத வுரிச்சிப் போட்டா முடிஞ்சிது. பின்னாடி ஆளுங்க நின்னுக்கினு இருக்கறாங்க, ஜல்தி ஸ்பெல்லிங் சொல்லு."

விரித்துப் போட்டார். அந்த ஒரு விரிப்பில் நான் காணாமல் போனேன்.

இங்கே வந்து சேர்ந்த அன்று என் அறைக் கதவில் 'ஏழுமலை' என்று பலகை மாட்டியிருந்தது. ஒரு நிமிடம், பெற்றவரை இவ்வளவு மதிக்கிற நாடா என்று உருகிப்போனேன். பிறகுதான் புரிந்தது, அது நான். நேரில் எல்லாரும் குமார் என்பார்கள். அச்சில் நான் ஏழுமலை. எங்கள் துறையில் ஒரு கட்டுரையைத் தலைப்பு சொல்லி யாரும் குறிப்பிடுவதில்லை. முதல் ஆசிரியரின் குடும்பப் பெயரைச் சொல்லிவிட்டு, கூட எழுதியவர்களையெல்லாம் 'மற்றும் பிறர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். 'ஏழுமலை மற்றும் பிறர் காட்டியபடி, இம்மேகம் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்தது' என்று எங்காவது படிக்கும்போதெல்லாம், அப்பாவும் அவருடைய கமிட்டிக் கூட்டாளிகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மேகத்தை உதறிக் காட்டுவதுபோல் எனக்குத் தோன்றும்.

முதல் கட்டுரையின் முதல் பக்கத்தை ஒரு விடுமுறையில் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமமான கெடாருக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழே கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். தன் பெயர் எது என்று மட்டும் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். மறுநாள் விழுப்புரம் போய் அதை லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அது டீக்கடைக்கும் போகிறது, ரேஷன் கடைக்கும் போகிறது.

"நீ எப்பய்யா இங்கிலீஷு படிச்ச?" என்று டீக்கடைக்காரர் கேட்டாராம்.

"தூங்கிக்கினு இருக்கும்போது" என்றாராம் அப்பா.

பெயர் அவருடையது என்பதால் திட்டும் அவருக்கே போனது. ஒருமுறை அமெரிக்காவில் ஒரு குழு, 'ஏழுமலை வெப்பநிலையைத் தவறாகக் கணித்திருக்கிறார்' என்று எழுதிவிட்டது. அவருடைய பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள், அவருக்குத் தெரிய வேண்டாமா என்று போனில் சொன்னேன்.

"எவன்டா அவன்? எந்த ஊரு?"

"அமெரிக்காப்பா."

"சரி வுடு. தூரம்."

அப்பாவுக்கு அந்தப் பக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா கமிட்டிக்குப் போவதற்கு முன்னால் கூலிக்குப் போன வீடுகளில் அவரை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பார்கள். அது அவர் பெயரின் முதல் எழுத்தா, எல்லாருக்கும் பொதுவான ஏயா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்பா இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

3

இந்தப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் ஒரு ழ இருக்கிறது.

நான் ழ இருக்கும் ஊரில் பிறந்து ழ வராமல் வளர்ந்தவன். விழுப்புரத்தை விழுப்புரம் என்று சொல்கிற ஒரு விழுப்புரத்துக்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை. எங்கள் பக்கம் அது வியுப்புரம், வாழைப்பழம் வாயப்பயம். பஸ் ஏறி திண்டிவனம் போனால் கொஞ்சம் நாகரிகமாக விளுப்புரம் ஆகும். செல்வி திண்டிவனத்துக்காரி. அந்த ஒரு மிதப்பிலேயே கல்யாணமான நாளாக என் தமிழைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

"ஏயுமல இல்லங்க. ஏளுமலை. எங்க, சொல்லுங்க."

"நீ சொல்றதும் தப்பு."

"தப்புல எது நல்ல தப்புன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ழ வெறும் எல் ஆகிவிடுகிறது. ஆகவே என் டச்சு நண்பர்கள் அன்போடு 'எலுமலாய்' என்றார்கள். ஆக கெடாரில் ஏயுமல, திண்டிவனத்தில் ஏளுமலை, ஐரோப்பாவில் எலுமலாய். அப்பாவின் பெயரை உள்ளபடி சொல்கிற ஒரு ஆளை நான் உலகத்தில் எங்கும் கண்டதில்லை.

நிலாவைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தோம். யாழ்ப்பாணத்து டீச்சர், தங்கமான மனுஷி. 'நாக்கை உள்ளே மடியுங்கோ' என்று படாத பாடு பட்டார். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் நான் பாடம் நடத்துவேன். 'பயம்' என்று நான் சொல்ல, குழந்தை பழத்தைக் காட்டிப் பயப்படும். ஒரு கட்டத்தில் அவள் வகுப்பை விட்டுவிட்டாள். காற்பந்தும் சனிக்கிழமைதான் என்பது அவள் சொன்ன காரணம். என்னால் கெட்டது என்பது டீச்சர் சொல்லாத காரணம்.

இந்த ஊர்க்காரர்களுக்கும் நாக்கில் ஒரு கோளாறு உண்டு. ர சொல்லும்போது நாக்கைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று நாட்டின் மற்ற பகுதியினர் கிண்டல் செய்வார்கள். நிலா இங்கேயே பிறந்தவள். அவளுக்கும் அச்சு அசலாக அதே ர. எனக்கு அதுவும் வராது. நான் எங்கள் ஊர் ரகரத்தை உருட்டினால், கடைக்காரர்கள் நான் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு தள்ளுபடி கொடுக்கிறார்கள்.

4

கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் நிலா சொன்னாள். அவள் தமிழ் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். சின்ன விஷயமெல்லாம் டச்சில் முடிந்துவிடும்.

"அப்பா, நான் யோசிச்சேன். எனக்கு பேர் மாத்தணும். நிலா இருக்கட்டும். பின்னாடி இருக்கற பேரை கழட்டறேன்."

"கழட்டிட்டு?"

"குமார். நிலா குமார்."

எனக்கு வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. பெண் பிள்ளை அப்பாவின் பெயரைக் கேட்கிறது. எந்த அப்பனுக்குத்தான் மனம் குளிராது? அதுவும் அவள் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் ஊர் வழக்கப்படி அவள் கே. நிலாவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்பா பெயர் ஒரு தலைமுறைக்கு இன்ஷியலாக நின்றுவிட்டு இறங்கிக்கொள்ளும், அடுத்தவர் ஏறிக்கொள்வார். டவுன் பஸ் மாதிரி. இங்கே பிறப்பைப் பதிவு செய்தவர்தான் என்னைத் தாண்டிப் போய் அவளுக்கும் ஏழுமலை என்று போட்டுவிட்டார். என்னைக் கேட்டால் ஒரு டச்சுப் பெண் தன்னை அறியாமல் விழுப்புரம் முறையைக் கடைப்பிடிக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏன்டி, தாத்தா பேரு ஒனக்கு இன்னா பண்ணுச்சி?" என்றாள் செல்வி.

நிலா டச்சுக்கு மாறினாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். ஒவ்வொரு வருடமும் புது ஆசிரியர் வருவார். வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். ஒரு இடத்தில் நிறுத்துவார். கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். "அந்த இடைவெளிதான் நான். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே கையைத் தூக்கிவிடுவேன். என் பெயர் அந்த இடைவெளிதான், அப்பா. அதை எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

உண்மையைச் சொன்னால் அதற்கு நான் பதில் தேடவே இல்லை. அன்று மாலை பாத்திரம் துலக்கும்போது 'நிலா குமார்' என்று இரண்டு மூன்று தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"நாக்குல தேன் தடவிக்கினு நிக்கறீங்க" என்றாள் செல்வி பின்னாலிருந்து. "ஒங்க பேரு போட்டுக்கணும்னு ஆசை. அப்ப மாமாகிட்ட யாரு சொல்றது?"

அதுதான் விஷயம். அம்மா போன பிறகு அப்பா கெடாரில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். டீக்கடையில், 'என் பேரு என் பேத்தி வரைக்கும் போய்க்கினு இருக்குது, வெள்ளக்காரன் பைல்ல' என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர். இனி அது போகாது என்று சொல்ல வேண்டும். நான் அந்த வாரம் முழுக்க ஒரு தூசி மேகத்தின் கணக்கில் மிகவும் தீவிரமாக ஈடுபட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நிலாவே வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். நான் பக்கத்து அறையில் சோபாவுக்கு அடியில் இல்லாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"தாத்தா, ஒண்ணு கேக்கணும். உங்க பேரை எப்படி சொல்லணும்?"

"ஏயுமல."

"அப்பாவும் அப்படித்தான் சொல்றார். அம்மா வேற சொல்றா. டீச்சர் வேற சொன்னாங்க. எது சரி?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "எனக்கே வராது கண்ணு. நான் ரெண்டாப்போட நின்னுட்டேன். அந்த இஸ்கூல்ல ஒரு வாத்தியாரு, தஞ்சாவூர் பக்கத்து ஆளு. காலைல அட்டெண்டன்ஸு எடுப்பாரு பாரு, அவுரு வாயில அது நல்லா வந்து வுயும். முயுப் பேரும் சொல்லி என்ன கூப்ட்டது அவுரு ஒருத்தருதான். மாடு மேய்க்க வுட்டுட்டாங்க, அதோட சரி. அப்புறம் அத அப்டி நான் கேட்டதே இல்ல. ஏன் கண்ணு?"

நிலா சொல்லிவிட்டாள். குடியுரிமை, பெயர், குமார், எல்லாவற்றையும், தனக்குத் தெரிந்த தமிழில்.

நான் பேனா தேடுவதை நிறுத்தினேன்.

"மாத்திக்கோ" என்றார் அப்பா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "நம்ப ஊர்லயும் பேத்திக்கு தாத்தா பேரு வராதே. உங்கப்பன் பேருதான் மொற. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஸ்டாரு பேப்பருல கீற பேரும் பூடுமா?"

"இல்ல தாத்தா. அது அச்சாயிடுச்சு. யாரும் அழிக்க முடியாது."

"அப்ப சரி. சாப்ட்டியா?"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு நிலா என் அறை வாசலில் வந்து நின்றாள். "தாத்தா ஓகே சொல்லிட்டார்" என்றாள். ஓகே கிடைத்தவளின் முகம் அப்படி இருக்காது. பெயர் மாற்றத்தில் மனம் மாறுகிறாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். "கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது சரியா சொல்லிப் பாக்கணும்னு நினைச்சேன். தாத்தாவுக்கும் தெரியலை."

5

நகராட்சி அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்த கவுன்ட்டரில் ஒரு வயதான அம்மா இருந்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பது அவர் 'காலை வணக்கம்' சொன்ன மாதிரியிலேயே தெரிந்தது. ரகரம் ஒவ்வொன்றும் நாக்கின் அடிவாரத்தைத் தொட்டுவிட்டு வந்தது. எங்கள் மூன்று பேருடைய காகிதங்களையும் பரப்பி வைத்துக்கொண்டார்.

"நீங்கள் எலு... எலும... சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் மனைவிக்கு வேறு குடும்பப் பெயர்."

"அது அவளுடைய அப்பா."

"உங்களுடையது?"

"அது என் அப்பா."

"அப்படியானால் உங்கள் பெயர் எங்கே?"

"அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் சிரிப்பு எங்கேயும் அடுத்த கவுன்ட்டரில்தான்.

பிறந்த இடத்தைப் படித்தார். "வில்லுபுரம்." நான் தலையாட்டினேன். என் ஊரை அவர் பிழையாகச் சொன்னார் என்று குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பிறகு மகளுடைய காகிதத்தை எடுத்தார். "நிலா..." என்றார். நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

நிலா கையைத் தூக்கிவிட்டாள். பழக்கம்.

"நான்தான். அதை எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, மாற்றத்தான் வந்திருக்கிறோம்."

"மாற்றலாம். ஆனால் எதை எடுக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஒருமுறை சொல்லிக் காட்டு."

நிலா என்னைப் பார்த்தாள். நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி கூரையைப் பார்த்தாள்.

"எனக்கு வராது" என்றாள் நிலா. "நடுவில் ஒரு எழுத்து இருக்கிறது. எல் இல்லை. நாக்கை உள்ளே மடித்து, எதையும் தொடாமல் விட வேண்டும் என்று என் ஆசிரியை சொல்வார்."

"உள்ளே மடித்து, தொடாமலா?" அந்த அம்மா முதல்முறையாக முன்னால் சாய்ந்தார். "எங்கள் ர மாதிரியா? நாடே சிரிக்குமே, அந்த ர?"

அவர் அந்த ரகரத்தைத் தனியாக ஒருமுறை சொன்னார். பிறகு எல் இருந்த இடத்தில் அதைப் போட்டு, நிதானமாக, காகிதத்தைப் பார்த்தபடி படித்தார்.

ஏழுமலை.

செல்வி என் முழங்கையைப் பிடித்தாள். டச்சு நகராட்சி ஊழியர் ஒருவர், கெடாரும் திண்டிவனமும் சேர்ந்து சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு, எங்கள் மூன்று பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா?" என்றார்.

"இல்லை" என்றாள் நிலா. தானும் சொன்னாள். "ஏழுமலை." இன்னொரு தடவை சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் வாயிலேயே இருந்த சத்தம் அது. அதை வைத்துக்கொண்டுதான் ரொட்டி கேட்டிருக்கிறாள், காற்பந்தில் சண்டை போட்டிருக்கிறாள். நாங்கள் அதைத் தமிழில் தேடிக்கொண்டிருந்தோம். என் காகிதத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "விழுப்புரம்" என்றாள். அதுவும் வந்தது. நான் ரகசியமாக முயன்று பார்த்தேன். எனக்கு யகரம்தான் வந்தது.

அந்த அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படியானால் எல் என்ற எழுத்தை எடுத்துவிட்டு ஆர் போட்டுவிடலாமே. இந்த ஊரில் எல்லாரும் சரியாகச் சொல்வார்கள்."

அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். செல்வி எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள். "எருமலைங்க. எருமைக்குப் பக்கத்துல வந்து நிக்குது. வேணாம்னு சொல்லுங்க."

எருமலை மற்றும் பிறர் என்று ஒரு கட்டுரையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சில கட்டுரைகளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். வேண்டாம் என்றேன்.

"சரி" என்றார் அந்த அம்மா, மறுபடி அலுவலகக் குரலுக்கு வந்து. "மகளுக்குக் குமார் என்று போட வேண்டும். அப்படித்தானே? இப்போது போட்டால் அப்புறம் மாற்றுவது எளிதல்ல."

நிலா உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நான் ஒரு குடும்பப் பெயராக இருந்தேன். நல்ல இடம்தான், காற்றோட்டமாக இருந்தது.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள் நிலா. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "சாரிப்பா. சொல்ல வர்ற பேரை எதுக்கு கழட்டணும்?"

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "நான் மற்றும் பிறர்ல இருந்துக்கறேன்."

6

அலுவலகத்துக்கு வெளியே சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டை இனித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். பிரவுசிங் சென்டர்க்காரர் ஜல்தியில் விரித்த அந்தப் பெயர் மட்டும் அடுத்த பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்கிறது. இதைப் பற்றி ஏதாவது ஆழமாகச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். நிலா அதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

கெடாரில் அப்போது சாயங்காலம். அப்பா டீக்கடையில் இருந்தார். ஸ்பீக்கரில் பாய்லர் சத்தமும் யாரோ பஸ்ஸைக் கேட்பதும் வந்தது.

"இன்னாம்மா, மாத்தியாச்சா?" என்றார். "டீ சொல்லிக்கினு இருந்தேன்."

நிலா நாக்கை மடித்து, தொடாமல் விட்டு, ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"ஏழுமலை."

தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று செல்வி பல்லைக் கடித்தாள். லைன் போய்விட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன். போகவில்லை; டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது, பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றிருக்க வேண்டும்.

"உள்ளேன் ஐயா" என்றார்.